உங்கள் எக்செல் தாளில் ஒரு வரி குறைகிறது

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த எக்செல் தாளைப் பொறுமையாகப் படித்தேன். பிரசவத்தில் தொடங்கி, பிள்ளைக்கு 21 வயது முடியும் வரை ஆண்டுவாரியாகச் செலவைப் போட்டிருக்கிறீர்கள். விலைவாசி ஏற்றத்தையும் விடவில்லை. கடைசியில் 1 கோடியே 10 லட்சம் என்று சிவப்பு எழுத்தில் மொத்தம். நீங்கள் கோவையில் மென்பொருள் கம்பெனியில் 60 ஆயிரம் வாங்குகிறீர்கள். உங்கள் வீட்டுக்காரருக்குப் பம்ப்செட் கம்பெனியில் 55 ஆயிரம். வீட்டுக் கடன் தவணை 32 ஆயிரம் போகிறது. உங்களுக்கு வயது 31, கல்யாணமாகி நான்கு வருஷம். "இதைப் பார்த்துவிட்டு நாங்கள் பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா, வேண்டாமா என்று சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வங்கியில் கடன் மனுக்களைப் படித்தே காலம் தள்ளியவள் நான். மனு கைக்கு வந்தால் மொத்தத் தொகையைக் கடைசியில்தான் பார்ப்பேன். எந்த வரியில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள், எந்த வரியைப் போடாமல் விட்டிருக்கிறார்கள் என்பதுதான் முதலில் கண்ணில் படும். உங்கள் தாளையும் அப்படித்தான் படித்தேன்.

பிரசவத்துக்கு 2 லட்சம் போட்டிருக்கிறீர்கள். தனியார் ஆஸ்பத்திரி, தனி அறை, சிசேரியன் என்று வைத்தால் அது நியாயமான தொகைதான். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் எடுத்தால் அறுபதைத் தாண்டும். கம்பெனி எடுத்துக்கொடுத்த குழுக் காப்பீட்டில் பிரசவத்துக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள். நீங்களாகத் தனியாக பாலிசி எடுத்தால் பிரசவச் செலவுக்குப் பெரும்பாலும் சில வருஷம் காத்திருக்கச் சொல்வார்கள். தடுப்பூசிக்குப் போட்ட 60 ஆயிரத்தில் பாதிக்குமேல் வெட்டலாம். அரசு அட்டவணையில் இருக்கும் ஊசிகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதோறும் இலவசமாகப் போடுகிறார்கள். அதற்கு வெளியே டாக்டர் சொல்லும் ஒன்றிரண்டுக்கு மட்டும் காசு எடுத்து வைத்தால் போதும்.

இதெல்லாம் சில்லறை. தாளின் கனம் முழுக்கப் பள்ளிக்கூட வரியில் இருக்கிறது. எல்கேஜிக்கு ஆண்டுக் கட்டணம் ஒன்றரை லட்சம், வருஷத்துக்கு 10 சதவீதம் ஏற்றம், பிளஸ் டூ வரை 14 வருஷம். கூட்டினால் 42 லட்சம் வருகிறது. உங்கள் கூட்டல் சரிதான். ஆனால் அந்த ஒன்றரை லட்சம் எங்கிருந்து வந்தது? பிள்ளைக்கு அது தேவை என்று யார் சொன்னது? உங்கள் அடுக்ககத்தில் மற்றவர்கள் எந்தப் பள்ளி வேனுக்குக் காத்து நிற்கிறார்களோ அதே வேன். கோவையிலேயே 50 ஆயிரம் ரூபாய்க்கு நன்றாகச் சொல்லித்தரும் பள்ளிகள் இருக்கின்றன. அதே 10 சதவீத ஏற்றத்தைப் போட்டாலும் 14 வருஷத்துக்கு 14 லட்சம்தான். ஒரு வரியில் 28 லட்சம் இறங்கிவிட்டது பாருங்கள். அரசுப் பள்ளி என்றால் அந்த வரியே கிட்டத்தட்ட அழிந்துவிடும். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, பெண்ணாக இருந்தால் கல்லூரிக் காலத்தில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என்று அந்தப் பக்கம் வரவும் உண்டு. நீங்கள் அரசுப் பள்ளிக்குப் போக மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் இருவரும் படித்தது அங்கேதான் என்று நீங்களே எழுதியிருப்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

இன்னொன்று. அரசுப் பொறியியல் கல்லூரியின் ஆண்டுக் கட்டணம் நீங்கள் எல்கேஜிக்குப் போட்டிருக்கும் தொகையில் பாதிகூட வராது. அரசு மருத்துவக் கல்லூரியும் அப்படித்தான். கல்லூரிக்கென்று 30 லட்சம் போட்டிருக்கிறீர்களே, அது நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இப்போதே துண்டு போட்டு வைப்பது. பிறக்காத பிள்ளை மதிப்பெண் வாங்காது என்று முடிவு கட்டி அதற்குப் பணமும் சேர்க்கிறோம். பெண் பிறந்தால் தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்கு ஒன்று தொடங்குங்கள். இப்போதுள்ள 8.2 சதவீத வட்டி அப்படியே நின்றால், மாதம் 5,000 வீதம் 15 வருஷம் கட்டி, 21-ஆம் வருஷம் எடுக்கும்போது 27 லட்சத்தைத் தாண்டும். நீங்கள் கட்டியது 9 லட்சம்தான். ஆண் பிறந்தால் பிபிஎஃப் இருக்கிறது. வட்டி கொஞ்சம் குறைவு.

நீங்கள் போடாத வரிகளும் உண்டு. வளைகாப்பு, பெயர் வைப்பது, குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து, கெடா விருந்து, மண்டபம், பிள்ளை படம் போட்ட ஃபிளெக்ஸ். கொங்கு நாட்டில் இருந்துகொண்டு இவற்றை மறந்தது ஆச்சரியம்தான். மொய் வந்துவிடும் என்று விட்டிருக்கலாம். மொய் திரும்பக் கட்ட வேண்டிய கடன் என்பதை வங்கிக்காரி சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இப்படிக் கூட்டியும் கழித்தும் பார்த்தால் உங்கள் 1 கோடியே 10 லட்சம் ஏறத்தாழ 55 லட்சத்துக்கு இறங்கும். 21 வருஷத்தில் பரவிக் கிடக்கும் 55 லட்சம். உங்கள் இருவர் சம்பளமும் ஓடும் வரை இது தாங்கும் செலவுதான். மனுவை நான் பரிசீலித்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

போடும் முன் ஒரு கட்டத்தில் பேனா நின்றிருக்கும். "குழந்தை பராமரிப்பு: அம்மா. 0." முதல் மூன்று வருஷமும் அந்தப் பூஜ்யம்தான்.

உங்கள் அம்மாவுக்கு 58 வயது, முழங்கால் வலி, அப்பாவைத் தாராபுரத்தில் தனியாக விட்டுவிட்டு வர வேண்டும் என்று கடிதத்தின் வேறொரு பத்தியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தாளில் அந்த முழங்கால் இல்லை. தமிழ்நாட்டில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அம்மாவும் மாமியாரும் செய்துகொடுப்பதைப் போன்ற பெரிய நலத்திட்டத்தை எந்த அரசும் இதுவரை கொண்டுவரவில்லை. பெங்களூரு, சென்னை, கோவை அடுக்ககங்களில் பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள். லிஃப்டில் ஏறி இறங்குபவர்கள் எல்லாம் ஊரிலிருந்து வந்த பாட்டிமார்கள்தான். அவர்களுக்குச் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? கிரெச் என்றால் ஊரையும் நேரத்தையும் பொறுத்து மாதம் ஏழெட்டாயிரத்திலிருந்து மேலே போகும். அது பரவாயில்லை, தாங்கலாம். கிரெச்சும் சரிப்படவில்லை என்றால் வேலையை விடுவது யார்?

இந்தக் கேள்விக்குத் தாளில் வரியே இல்லை. கடிதத்தில் பதில் இருக்கிறது. "தேவைப்பட்டால் நான் இரண்டு மூன்று வருஷம் பிரேக் எடுத்துக்கொள்வேன்" என்று போகிற போக்கில் ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தின் விலை என்ன என்று போட்டுப் பார்த்தேன். 60 ஆயிரம் வீதம் மூன்று வருஷம், 21 லட்சத்து 60 ஆயிரம். பிஎஃப் தனி. மூன்று வருஷம் கழித்துத் திரும்பிப் போகும்போது உங்களுக்குக் கீழே சேர்ந்தவர் உங்களுக்கு லீடாக இருப்பார். விட்ட இடத்திலிருந்து சம்பளம் தொடங்காது. அந்த மூன்று வருஷமும் 55 ஆயிரத்தில் 32 ஆயிரம் தவணை போக மீதி 23 ஆயிரத்தில் மூன்று பேர் சாப்பிட வேண்டும். உங்கள் குடும்பக் கணக்கு உடையும் இடம் இதுதான். பிள்ளைக்கு ஆகும் செலவால் அது உடையாது. உங்கள் சம்பளம் நின்றால் உடையும்.

சட்டம் உங்களுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் கிரெச் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் அலுவலகத்தில் அது எந்த மாடியில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தமிழ்நாடு அரசு ஊழியர் என்றால் 2021-லிருந்து ஒரு வருஷம் விடுப்பு. தனியாரில் வேலை செய்யும் அப்பாவுக்கோ சட்டப்படி ஒரு நாள்கூட இல்லை. கம்பெனி மனம் வைத்தால் ஒரு வாரமோ இரண்டு வாரமோ. பிள்ளையை யார் பார்க்க வேண்டும் என்று இந்த நாட்டின் சட்டமே முடிவு செய்து வைத்துவிட்டது.

வீட்டுக்குள்ளும் நிலைமை இதுதான். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிற பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்கிற ஆண்களுக்கு 97 நிமிடம். அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆண்கள் இந்தச் சராசரியில் சேரவே இல்லை என்பதையும் கவனியுங்கள். உங்கள் வீட்டுக்காரர் நல்லவர், எல்லா ஒத்தாசையும் செய்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனாலும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு வயசுக் குழந்தை இருக்கும் வீட்டின் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை, காலை ஐந்து மணியிலிருந்து ராத்திரி பதினொன்று வரை, யார் என்ன செய்கிறார்கள் என்று அவர் தனியாக ஒரு காகிதத்தில் எழுதட்டும். நீங்களும் தனியாக எழுதுங்கள். பதினொரு மணிக்குக் கிரெச்சிலிருந்து "குழந்தைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிக்கொண்டு போங்கள்" என்று போன் வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எக்செல் தாளைவிட அந்த இரண்டு காகிதமும் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

பணத்தால் மட்டும் தீர்கிற விஷயமாக இருந்தால் தென்கொரியா எப்போதோ தீர்த்திருக்கும். பிறக்கும் குழந்தைக்குப் பணம், வீட்டுக் கடனில் சலுகை என்று வருஷக்கணக்காகக் கொட்டியும் 2023-ல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறந்த பிள்ளைகள் 0.72. சிங்கப்பூர் 2001-லிருந்து போனஸ் கொடுக்கிறது, அதே 2023-ல் ஒன்றுக்குக் கீழே போய்விட்டது. தனிப்பயிற்சிச் செலவும் வீட்டு விலையும் ஒரு காரணம்தான். ராத்திரி வரை நீளும் அலுவலக நேரம், வீடு திரும்பியதும் பெண்ணுக்கு மட்டும் காத்திருக்கும் இரண்டாவது வேலை, இவற்றை எந்த போனஸும் தொடவில்லை.

"எங்க காலத்துல நாலு பெத்து வளர்க்கலையா? மரம் வெச்சவன் தண்ணி ஊத்துவான்" என்று உங்கள் மாமியார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் சண்டை போடாதீர்கள், அவர் பொய் சொல்லவில்லை. அவர் காலத்தில் பிள்ளை செலவு வைத்ததைவிட வரவு கொண்டுவந்தது அதிகம். மாடு மேய்த்தது, களை எடுத்தது. மூத்த பெண் தம்பி தங்கைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தாள். சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் விடிவதற்கு முன் வேன் வந்து பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஏற்றிக்கொண்டு போனது. காமராஜரின் மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர் விரிவாக்கிய சத்துணவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தன. பள்ளிக்குப் போன பிள்ளை சம்பாதிக்காது. பிள்ளை சம்பாதித்துக் கொடுத்த வீட்டில், பிள்ளைக்குச் செலவழிக்கும் காலம் வந்தது. தமிழ்நாட்டுப் பெண்கள் அதைச் சட்டென்று புரிந்துகொண்டார்கள். அவர்களுக்கு முன்பே, 1930 வாக்கில், பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நாட்டின் வறுமைக்கும் தாயின் உடல்நலத்துக்கும் அதைப் பரிந்துரைத்தபோது, பெண் தன் விருப்பப்படி வாழ அது வேண்டும் என்றவர் அவர். 2019-21 கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளைகளின் இந்தியச் சராசரி 2.0 என்றால் தமிழ்நாட்டுக்கு 1.8. கொங்குப் பக்கத்தில் ஒன்றோடு நிறுத்துவது உங்கள் பெற்றோர் தலைமுறையிலேயே தொடங்கிவிட்டது. நீங்களே ஒற்றைப் பிள்ளைதானே.

குறைந்தது போதும், கூட்டுங்கள் என்று இப்போது மேடையில் சொல்கிறார்கள். 2024 அக்டோபரில் முதலமைச்சர் ஸ்டாலின் ஒரு கல்யாண மேடையில், பதினாறு செல்வமும் பெற வாழ்த்திய காலம் போய் பதினாறு பிள்ளை பெறச் சொல்லும் நிலைமை வந்துவிட்டதோ என்கிற பொருளில் பேசினார். அதற்குச் சற்று முன் ஆந்திராவில் சந்திரபாபு நாயுடுவும் அதிகம் பெறச் சொன்னார். இந்தப் பேச்சுக்குப் பின்னால் இருக்கும் தொகுதி மறுவரையறை நியாயமான கவலை. 1971 மக்கள்தொகைப்படி நிறுத்தி வைத்த எம்.பி. எண்ணிக்கையை மாற்றினால் குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலங்களுக்கு நஷ்டம்தான். அதை நாடாளுமன்றத்தில் தீர்க்க வேண்டும். தெற்கின் எம்.பி. எண்ணிக்கையைக் காப்பாற்ற உங்கள் கருப்பையைக் கேட்கக் கூடாது.

"கடைசிக் காலத்தில் யார் பார்ப்பார்கள்?" என்றும் பயப்படுகிறீர்கள். இதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பெற்றோரைப் பராமரிக்காத பிள்ளைமீது புகார் கொடுக்க 2007-ல் இந்த நாடு ஒரு சட்டமே போட்டது. முதுமைக்குப் பென்ஷனும் மருத்துவக் காப்பீடும் சேருங்கள். அதற்காகப் பிள்ளை பெற்றால் இருவருக்கும் ஏமாற்றம்.

இனி நான் எழுத நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், நலம் விசாரித்த பிறகு, ஒரு வரி எழுதி அதை அடிக்காமல் விட்டிருக்கிறீர்கள். "சில நாள் எனக்கு அந்த ஆசையே வரவில்லையோ என்றும் தோன்றுகிறது." அவ்வளவு பெரிய எக்செல் தாள் ஏன் பிறந்தது என்று அந்த வரியைப் படித்ததும் எனக்குப் புரிந்தது.

நம் ஊரில் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்ற கேள்விக்கு மூன்று பதில்தான் செல்லுபடியாகும். உண்டு என்பது ஒன்று. டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறோம் என்பது இரண்டாவது. அதைச் சொன்னால் திருக்கருகாவூர்க் கோயில் நெய் வீடு தேடி வரும். இப்போது பணம் பத்தாது, கொஞ்சம் போகட்டும் என்பது மூன்றாவது. வேண்டாம் என்று தோன்றுகிறது என்பதற்கு இடமே கிடையாது. பிள்ளை இல்லாத தம்பதியைத் திருச்செங்கோட்டுச் சுற்றுவட்டாரம் எப்படி வதைத்தது என்பதைப் பெருமாள்முருகன் 'மாதொருபாகன்' நாவலில் எழுதினார். அதில் அவர்களுக்கு ஆசை இருந்தும் பிள்ளை இல்லை. ஆசையே இல்லாத பெண்ணை இந்த ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் எண்களின் பின்னால் போய் நின்றுகொண்டிருக்கிறீர்கள். 1 கோடியே 10 லட்சம் என்றால் மாமியாரும் வாயை மூடிக்கொள்வார் அல்லவா?

நான் தொகையைப் பாதியாகக் குறைத்தது உங்களுக்கு எப்படி இருந்தது? "அப்பாடா, முடியும்" என்று இருந்ததா, இல்லை "இனி என்ன சொல்வது" என்று இருந்ததா? பதில் அங்கே இருக்கிறது. எனக்கு எழுத வேண்டாம். உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அவருக்கு அந்த ஆசை இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் ஒரு இடத்திலும் இல்லை. கேட்டிருக்கிறீர்களா?

வயதையும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்துவதற்காக அல்ல. 31-ல் அவசரம் எதுவும் கிடையாது. முப்பதுகளின் நடுவைத் தாண்டினால் இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு இறங்கத் தொடங்கும். ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் கருத்தரிப்பு மையங்களின் போர்டில் சிரிக்கும் குழந்தைகளை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். ஐவிஎஃப் ஒரு சுற்றுக்கு ஒன்றரை லட்சமோ அதற்குமேலோ ஆகும். எத்தனை சுற்று என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தத்தெடுப்பதும் நல்ல வழிதான், அதற்கும் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே இன்னும் ஒரு வருஷத்துக்குள் இருவரும் பேசி முடித்துவிடுங்கள்.

என் தீர்ப்பு இவ்வளவுதான். இருவருக்கும் ஆசை இருந்தால் பணத்துக்குப் பயந்து நிற்காதீர்கள். ஒரு பிள்ளை, 50 ஆயிரம் ரூபாய்ப் பள்ளி, நீங்கள் வேலையை விடுவதில்லை என்று முதலிலேயே முடிவு. காய்ச்சல் போன் வந்தால் யார் போவது என்பதைத் தேதி போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆசை இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள், பள்ளிக் கட்டணத்தின் தலையில் போடாதீர்கள். கட்டணத்தைக் காரணம் காட்டினால் சம்பள உயர்வு வரும் ஒவ்வொரு வருஷமும் அதே கேள்வி திரும்ப வரும்.

உங்கள் வீட்டுக்காரரின் செவ்வாய்க்கிழமைக் காகிதத்தை எனக்கு அனுப்பி வையுங்கள். கூடவே அவர் கைப்பட ஒரு கடிதமும் வரட்டும். இந்த விஷயத்தில் இதுவரை எனக்கு எழுதியவர்கள் எல்லோரும் பெண்கள்தான்.

அன்புடன்.